சத்தம் வராத பந்து

சுண்டெலியின் அப்பா சலூன் வைத்திருந்தார். இரண்டு நாற்காலி, மூன்று கண்ணாடி, சுவரில் ஒரு கடிகாரம், கடிகாரத்துக்குக் கீழே ஓர் அட்டை: 'மேட்ச் நடக்கும் நேரத்தில் ஷேவிங் கிடையாது. முடிவெட்டு மட்டும்.' புதிதாக வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு டி.வி. எங்கே என்று தேடுவார்கள். டி.வி. கிடையாது. பவுடர் டப்பாவில் சாய்த்து வைத்த ஒரு போன் மட்டும் ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருக்கும். கடல் தாண்டி எங்கேயோ இருக்கும் ஒரு கூட்டத்தின் இரைச்சல் அதிலிருந்து வரும். வர்ணனை கிடையாது, ஸ்கோர் கிடையாது, வெறும் இரைச்சல். அது திடீரென்று எகிறும்போது சலூன்காரர் கையில் சவரக்கத்தி இருந்தால் நாற்காலியில் இருப்பவரின் காதுக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. அட்டை மாட்டியதற்குக் காரணம் அதுதான்.

மகன் ஊர் ஊராகக் கூடைப்பந்து ஆடுகிறவன். அப்பா அவன் ஆட்டத்தைக் காதால் கேட்பாரே தவிர, கண்ணால் பார்க்க மாட்டார். சத்தியமே செய்திருந்தார்.

சுண்டெலி என்பது வீட்டில் வைத்த பெயர் அல்ல. பள்ளிக்கூட டீமில் சேர்ந்த முதல் வாரத்திலேயே வந்து ஒட்டிக்கொண்டது. நெட்டை நெட்டையான பையன்களின் அக்குளுக்கு அடியில் புகுந்து பந்தோடு மறுபக்கம் வந்து நிற்பான். எங்கே போனான் என்று அவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் பந்து வேறொருவன் கையில் இருக்கும். இந்த வேலையைச் செய்கிறவனுக்குக் கூடைப்பந்தில் 'கார்டு' என்று பெயர். பந்தைத் தட்டிக்கொண்டு மேலே வர வேண்டும், யார் எங்கே நிற்கிறான் என்று பார்க்க வேண்டும், யாருக்கு எப்போது கொடுப்பது என்று கண் இமைப்பதற்குள் முடிவெடுக்க வேண்டும். எல்லார் தட்டிலும் விழுந்ததா என்று பார்த்துப் பார்த்துப் பரிமாறிவிட்டு, தான் சாப்பிட்டோமா என்பதை மறந்துபோகிற ஆள் ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார் அல்லவா, அந்த ஆள்தான் கார்டு.

சத்தியத்துக்கு வருவோம். அப்பா மகனின் ஆட்டத்தை மூன்று முறை பார்த்திருக்கிறார், மூன்றும் விபரீதத்தில் முடிந்தன. முதல் தடவை பள்ளிக்கூட மேட்ச். அவன் டீம் வாங்கிய அடியைப் பார்த்து, ஸ்கோர் பலகையில் எண் மாற்றுகிறவரே பரிதாபப்பட்டு நடுவில் டீ குடிக்கப் போய்விட்டார். இரண்டாம் தடவை பெரிய டீமுக்கு ஆள் எடுக்கும் ஆட்டம். அப்பா வந்து உட்கார்ந்த சூடு பெஞ்சில் ஏறுவதற்குள் மகனின் மணிக்கட்டு முறிந்தது. மூன்றாம் தடவை மனிதர் உஷாராகத் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றார். முகத்துக்கு முன்னால் பேப்பரைப் பிடித்துக்கொண்டு, அதற்கு மேலாக ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்தார். கூடை வளையம் பலகையிலிருந்து கழன்று டமால் என்று கீழே விழுந்தது. நல்லவேளை, அடியில் யாரும் இல்லை. மேட்ச் ரத்து.

"எனக்கு ராசி இல்லடா" என்றார் அப்பா வீட்டுக்கு வந்ததும். "இனிமே உன் ஆட்டத்தை நான் பாக்கப்போறதில்ல. இது சத்தியம்."

"துருப்பிடிச்ச போல்ட்டுக்கும் உங்களுக்கும் என்னப்பா சம்பந்தம்?"

"அத்தனை வருஷம் விழாத போல்ட்டு, நான் எட்டிப் பாத்ததும் ஏன் விழுந்துச்சு? அதுக்கு பதில் சொல்லு."

மகன் பந்தை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பினான்.

பிறகு அவனை ஒரு தொழிற்சாலை டீமில் எடுத்தார்கள். காகிதத்தில் அவன் ஸ்டோர் கிளார்க். காலையில் போய்க் கையெழுத்துப் போடுவான், ஒரு திருகாணியைக்கூட எடுத்துக் கொடுக்காமல் மைதானத்துக்குக் கிளம்பிவிடுவான். மேட்ச் நாட்களில் அப்பா கடையைச் சாத்திவிட்டு, தொழிற்சாலையின் காம்பவுண்ட் சுவருக்கு வெளியே வந்து நின்றுகொள்வார். உள்ளே நடப்பதைச் சுவருக்கு மேலே வரும் சத்தத்தை வைத்தே தெரிந்துகொள்ள அவர் பழகியது அங்கேதான். சத்தம் ஏறி ஏறி வந்து 'ச்சே' என்று உட்கார்ந்தால் பந்து வளையத்தில் பட்டு வெளியே போய்விட்டது. பளீரென்று ஒரே வெடிப்பாக வெடித்தால் உள்ளே விழுந்தது. முணுமுணுப்பாக இழுத்துக்கொண்டே போனால் நடுவர் ஏதோ வம்பு செய்கிறார். இரண்டு வருஷத்தில் மனிதர் இதில் புலியாகிவிட்டார். மேட்ச் முடிந்து வெளியே வரும் மகனிடம், ஆட்டம் எப்படிப் போயிற்று என்று அவரே விளக்கிச் சொல்வார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

அந்த டீமின் ஆட்டத்தை யாரோ படம் பிடித்து எங்கேயோ அனுப்பி, வெளிநாட்டிலிருந்து ஒரு கிளப் அவனைக் கூப்பிட்டது. வீட்டில் யாருக்கும் தலைகால் புரியவில்லை. அப்பா அவனை நாற்காலியில் உட்கார வைத்து, பாஸ்போர்ட் போட்டோவுக்காக அரை மணி நேரம் முடி வெட்டினார். வெட்டி முடித்தபோது தலையில் மிச்சம் எதுவும் இல்லை.

போன இடம் குளிரான ஊர். துணி வெளுக்கும் கடைக்கு மேல்மாடியில் ஓர் அறை கொடுத்தார்கள். சுவரோரம் வெந்நீர்க் குழாய் ராத்திரி பகலாகக் கடகடவென்று இருமும். கீழேயிருந்து வரும் சோப்பு வாசனையில் அவனுடைய சட்டை மட்டுமல்ல, ரொட்டியும் மணக்கும். கோச் பேசும் பாஷை ஒரு எழுத்தும் புரியாது. முஷ்டியை உயர்த்தினால் ஒரு ஆட்டம், காதைத் தொட்டால் இன்னொரு ஆட்டம், இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டால் எல்லாம் கெட்டுக் குட்டிச்சுவராகிவிட்டது என்று அர்த்தம். மூன்றாவது சைகையைத்தான் கோச் அதிகம் பயன்படுத்தினார்.

அப்பாவுக்கு ஆட்டத்தின் சத்தம் வேண்டுமே! போனைத் தன் தோள்பையில் போட்டு, அழைப்பைத் துண்டிக்காமல் பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டு ஆடப் போவான். அந்தப் பை கோச்சின் காலடியில் இருந்ததால் சலூனில் கேட்டது கூட்டத்தின் இரைச்சல் அல்ல, கோச்சின் வசவு. அப்பாவுக்கு அது வசவு என்று தெரியாது. அடிக்கடி வந்த ஒரு வார்த்தையை ஆசையாக மனப்பாடம் செய்து, கடைக்கு வருகிறவர்களை அந்த வார்த்தை சொல்லி வரவேற்றார். வெளிநாட்டு வணக்கம் என்று அவர்களும் திருப்பிச் சொன்னார்கள். அந்தப் பாஷையில் மகனுக்கு அர்த்தம் தெரிந்த ஒரே வார்த்தை அதுதான், விடுமுறையில் வந்தவன் அதைக் கேட்டுவிட்டுக் காதோடு சொன்னான். அப்பா அதற்கப்புறம் ஒரு வாரம் யார் முகத்தையும் கண்ணாடியில் நேராகப் பார்க்கவில்லை.

அந்தக் கிளப் அவனைப் பாதியிலேயே அனுப்பிவிட்டது. மேனேஜர் காரணத்தைப் பட்டென்று சொன்னார். வெளியூரிலிருந்து காசு கொடுத்து ஆள் கொண்டுவருவது கூடை போடத்தான், பந்தை அடுத்தவனுக்குக் கொடுக்க உள்ளூரிலேயே ஆள் கிடைப்பான் என்றார். வெளிநாட்டு ஆட்டக்காரனின் பிழைப்பு அப்படி. பேப்பரில் பெயருக்குப் பக்கத்தில் பெரிய எண் வர வேண்டும். அவன் பெயருக்குப் பக்கத்தில் எப்போதும் சின்ன எண்தான் வரும்.

அடுத்த ஊர் ஒரு துறைமுகம். ஹால் பழசு, மழை வந்தால் ஒரு மூலையில் வாளி வைப்பார்கள், அந்த மூலைப் பக்கம் பந்தைக் கொண்டுபோகாமல் ஆட வேண்டும். ஆனால் அங்கே ஏணி இருந்தான். வாசல் நிலைக்குக் குனிந்தே பழகி, நிலை இல்லாத இடத்திலும் குனிகிற ஆள். கூடைக்கு அடியில் போய் நின்று கையைத் தூக்கினால், பந்து எங்கேயிருந்து வருகிறது என்று கேட்காமலே வாங்கிப் போட்டுவிடுவான். சுண்டெலி திரும்பிப் பார்க்காமல் கொடுப்பான், முதுகுக்குப் பின்னால் கொடுப்பான், எதிராளியின் இரண்டு காலுக்கு நடுவில் தரையில் குத்திக் கொடுப்பான். ஏணி போடுவான். பேப்பரில் ஏணியின் படம் வரும். சுண்டெலிக்கு அதில் துளிக்கூட வருத்தம் கிடையாது. பந்து கையை விட்டுப் போகிற அந்தக் கணத்தில், அது எங்கே போய்ச் சேரும் என்று உலகத்திலேயே தனக்கு மட்டும்தான் தெரியும் என்ற சந்தோஷம் அவனுக்கு. அந்தச் சந்தோஷத்துக்காகத்தான் அவன் ஆடினான். ஏழு வருஷம் அந்த ஊரில் இருந்தான், இரண்டு கோப்பை வாங்கினார்கள்.

நடுவில் கல்யாணம் ஆயிற்று. மனைவி பல் டாக்டர். வாயைத் திற என்றால் ஊரே திறக்க வேண்டும், அப்படி ஒரு குரல். அவள் அந்த ஊருக்கு வந்த பிறகு சலூனுக்குச் சத்தம் அனுப்பும் பொறுப்பு அவளிடம் போயிற்று. முன்வரிசையில் உட்கார்ந்து போனைத் தூக்கிப் பிடித்துக்கொள்வாள்.

"மாமா, இப்ப நாலு பாயிண்ட்..."

"பேசாதம்மா! நீ சொன்னா நான் பாத்த மாதிரி ஆயிடும். போனை மட்டும் பிடி."

அப்படி ஒரு விதி. ஆட்டம் முடிந்து மணி அடித்த பிறகுதான் அவள் வாயைத் திறக்கலாம்.

இந்த விதியால் ஒருமுறை பெரிய கூத்து நடந்தது. அன்று மேட்ச் வெளியூரில். வெளியூர் என்று அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. கடைசி நிமிடத்தில் போனில் அப்படி ஓர் ஆரவாரம் வெடித்து, அதோடு சார்ஜ் தீர்ந்து லைன் செத்துவிட்டது. அப்பா கத்தரிக்கோலை மேலே வீசிப் பிடித்தார். அன்றைக்குக் கடையில் இருந்த அத்தனை பேருக்கும் முடிவெட்டு இலவசம் என்று அறிவித்தார். விஷயம் தெருவில் பரவி, வெட்ட முடியே இல்லாதவர்கள்கூட வந்து வரிசையில் நின்றார்கள். சாயங்காலம் மருமகள் கூப்பிட்டு, தோற்றுவிட்டோம் மாமா, அது எதிர் டீமின் ஊர், அவர்கள் போட்ட சத்தம் அது என்றாள். நாற்காலியில் பாதி முடியோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். மிச்சப் பாதிக்குக் காசு உண்டா என்று பயந்துபோய்க் கேட்டார்.

ஏணிக்கு முழங்கால் போயிற்று. சுண்டெலிக்கும் வயசு ஏறியது, சுண்டெலி என்று கூப்பிடுகிறவர்களே சிரித்துக்கொண்டு கூப்பிடும் வயசு. மனைவிக்குச் சொந்த ஊரில் கிளினிக் போட ஆசை. வந்துவிட்டார்கள். உள்ளூர் கிளப் அவனை மாலை போடாத குறையாக வரவேற்று எடுத்துக்கொண்டது. மூன்று சீசன் ஆடினான். சின்னப் பையன்களுக்கு அண்ணாவாகிவிட்டான். கொக்கு என்று ஒருவன், இருபது வயசு, ஏணியைவிட நாலு விரல் அதிக உயரம், கூடைக்கு அடியில் நின்று இவன் கையையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பான்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒன்றே ஒன்று மட்டும் சுண்டெலியின் நெஞ்சில் முள்ளாக நின்றது. உலகம் சுற்றி ஆடியாயிற்று, யார் யாரோ பார்த்தாயிற்று, பெற்ற அப்பா பார்க்கவில்லை. அவர் ஒரே ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டால் போதும், அதற்கப்புறம் ஷூவைக் கழற்றி வைத்துவிடலாம் என்று நினைத்தான். இந்த ஆசையை அவன் வெட்கத்தை விட்டு அப்பாவிடமே சொன்னான்.

"பாத்துட்டா என்னடா வரப்போகுது? நான் கேக்கறேனே, போதாதா?" என்றார் அவர்.

"கேக்கறதும் பாக்கறதும் ஒண்ணாப்பா?"

"எனக்கு ஒண்ணுதான். நீ எப்ப எத்தனை போட்டேன்னு உன்னைவிட எனக்குத் தெரியும்."

உள்ளூரில் மேட்ச் என்றால் அப்பா ஹாலின் பின்வாசலுக்கு வந்துவிடுவார். துடைப்பம், வாளி எல்லாம் வைக்கும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொள்வார். கதவைச் சாத்தி வைக்கச் சொல்லி, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்பார். கதவுக்கு அந்தப் பக்கம் மகன், இந்தப் பக்கம் அப்பா. மருமகள் முன்வரிசையில் அவருக்கு ஒரு டிக்கெட் எடுத்து, அந்த நாற்காலியில் தன் கைப்பையை வைத்திருப்பாள். மூன்று சீசனாக அந்தக் கைப்பைதான் எல்லா மேட்சையும் வசதியாகப் பார்த்தது.

முப்பத்தேழு வயசானதும் சுண்டெலி மேனேஜரிடம் போய், இந்த சீசனோடு போதும் என்றான். டீம் ஃபைனலுக்கு வந்திருந்தது, அதுவும் உள்ளூர் ஹாலில். ஜெயித்தாலும் தோற்றாலும் மேட்ச் முடிந்ததும் பிரிவுபசாரம் என்று மேனேஜர் ஏற்பாடு செய்தார். அவன் நம்பர் போட்ட ஒரு பெரிய ஜெர்சி, படுக்கை விரிப்பு அளவு, கயிற்றில் கட்டிக் கூரைக்கு ஏற்றப்படும். இனிமேல் அந்த நம்பரை யாரும் போடக் கூடாது என்பதற்கு அது அடையாளம். கயிற்றைத் தானே இழுப்பதாக மேனேஜர் நாலு நாள் ஒத்திகை பார்த்தார்.

அப்பாவிடம் இது கடைசி மேட்ச் என்று அவன் சொல்லவில்லை. கடைசி என்று சொல்லிக் கூட்டிவந்தால் அது வரவழைத்தது ஆகும், அவராக வந்தது ஆகாது என்று ஒரு வீம்பு. "ஃபைனல்ப்பா, வாங்க" என்று மட்டும் சொன்னான்.

"ஃபைனலா? அப்ப நாற்காலியை இன்னும் ரெண்டடி தள்ளிப் போட்டுக்கறேன்" என்றார்.

ஃபைனல் அன்று ஹாலில் ஊசி போட இடம் இல்லை. ஆட்டம் முட்டி மோதிக்கொண்டு போய், கடைசி மூன்று நிமிடத்தில் சுண்டெலியின் டீம் நாலு பாயிண்ட் முன்னால் இருந்தது. எதிர் டீமில் ஒரு தடியன் பந்தை எடுத்துக்கொண்டு கூடையை நோக்கி ரயில் மாதிரி வந்தான். அந்த வழியில் போய்ச் சுண்டெலி நின்றான்.

இது கார்டுகளுக்கே உரிய ஒரு தொழில் தந்திரம். ஓடிவருகிறவனின் பாதையில் முன்கூட்டியே போய்க் காலை ஊன்றி அசையாமல் நின்றுவிட வேண்டும். அவன் வந்து இடித்தால் தப்பு அவனுடையது, பந்து நமக்கு. ஆனால் நடுவர் நம்ப வேண்டுமே! அதனால் இடி கொஞ்சம் என்றாலும் விழுவது அமர்க்களமாக இருக்க வேண்டும். விழுந்த பிறகு உடனே எழுந்திருக்கவும் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தால் நடுவருக்கும் மனசு இளகும், நமக்கும் மூச்சு வரும். சுண்டெலி இதில் கைதேர்ந்தவன். தடியன் இடித்தான், சுண்டெலி பறந்துபோய் மல்லாக்க விழுந்து வழுக்கிக்கொண்டே கோடு வரை போனான். விசில் ஒலித்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு சுகமாக மூச்சு வாங்கினான்.

முப்பத்தேழு வயசு ஆள் அப்படி விழுந்து அசையாமல் கிடந்தால் கூட்டம் என்ன செய்யும்? அத்தனை பேரும் கப்சிப். ஒரு இருமல்கூட இல்லை.

பின்வாசல் நாற்காலியில் இருந்த மனிதருக்கு எல்லாச் சத்தமும் அத்துப்படி, எல்லா அமைதியும் அத்துப்படி. இந்த மாதிரி ஓர் அமைதியை மட்டும் அவர் கேட்டதே இல்லை. சத்தியமாவது ராசியாவது, கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினார். வாளி உருண்டது. காவலாளி கையை நீட்டினார், அந்தக் கையைத் தட்டிவிட்டு ஓடினார்.

சுண்டெலி ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்து, நடுவர் எந்தப் பக்கம் கை காட்டுகிறார் என்று பார்த்தான். நடுவர் தெரியவில்லை. தலைகீழாக அப்பாவின் முகம் தெரிந்தது.

"டேய்! டேய் கண்ணு! என்னடா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலப்பா" என்று உதட்டை அசைக்காமல் சொன்னான். "சும்மா படுத்திருக்கேன்."

"சும்மாவா?"

"சத்தம் போடாதீங்க. நடுவர் பாக்கறாரு."

அப்பா அவனை மேலும் கீழும் பார்த்தார். எங்கேயும் ரத்தம் இல்லை. "நடிப்பா? உசிரு போயி உசிரு வந்துச்சுடா படுபாவி!" என்று கத்தியதில் ஹால் முழுக்கச் சிரித்தது. சுண்டெலி எழுந்து உட்கார்ந்தான். கைதட்டலில் கூரை அதிர்ந்தது. நடுவர் பந்தைச் சுண்டெலியின் டீமுக்கே கொடுத்தார், ஆனால் அவரும் சிரித்துக்கொண்டுதான் கொடுத்தார்.

அப்போதுதான் அப்பாவுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, வந்த வழியைக் கையால் தடவித் தேட ஆரம்பித்தார். முன்வரிசையிலிருந்து மருமகள் எழுந்து வந்து அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"மாமா, உக்காருங்க."

"விடும்மா, தோத்துடுவாங்க."

"தோக்கட்டும். உக்காருங்க. கண்ணைத் திறங்க."

வாயைத் திறக்கச் சொல்கிற அதே குரல். அப்பா உட்கார்ந்தார், கைப்பையின் மேலேயே உட்கார்ந்தார், கண்ணைத் திறந்தார்.

சுண்டெலிக்குக் காலில் இறக்கை முளைத்தது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு குஷி அவனுக்கு வந்ததில்லை. பந்தைத் தட்டிக்கொண்டு வந்தான். வலது பக்கம் ஓடுகிற பையனை உற்றுப் பார்த்தான், வாயைத் திறந்து கூப்பிடவே செய்தான். எதிராளிகள் இரண்டு பேர் அந்தப் பக்கம் பாய்ந்தார்கள். பந்து அவன் முதுகுக்குப் பின்னால் புறப்பட்டு இடது மூலையில் தனியாக நின்றவன் கைக்குப் போயிற்று. கூடை. முன்வரிசையில் அப்பாவின் தலை இன்னும் வலது பக்கமே திரும்பியிருந்ததைச் சுண்டெலி பார்த்தான். எதிராளிகளோடு சேர்ந்து அப்பாவும் ஏமாந்திருந்தார். அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஆனால் எதிர் டீம் சும்மா இருக்கவில்லை. தூரத்திலிருந்து ஒன்று, இன்னொன்று என்று போட்டுத் தள்ளினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஹால் முனகியது. சுண்டெலி தடியனின் இரண்டு காலுக்கு நடுவில் பந்தைக் குத்தி அனுப்பினான், கொக்கு வாங்கிப் போட்டான், அப்பா எழுந்து நின்றுவிட்டார். அவர்கள் மறுபடி போட்டார்கள். முன்னால் இருந்தது கரைந்துபோய், கடைசிச் சில நொடியில் ஒரு பாயிண்ட் பின்னால். பந்து சுண்டெலியிடம்.

உள்ளே புகுந்தான். இரண்டு பேர் அவன் மேல் கவிழ்ந்தார்கள். எம்பிப் போட்டிருக்கலாம், எத்தனையோ தடவை போட்டவன்தான். ஆனால் இரண்டு பேர் இங்கே வந்துவிட்டால் ஒருவன் அங்கே சும்மா நிற்கிறான் என்று அர்த்தம். கொக்கு கூடைக்கு அடியில் தனியாக நின்றான். சுண்டெலி யோசிக்கவில்லை. எம்பினான், போடுவதுபோலக் கையைத் தூக்கினான், அங்கிருந்தே பந்தைக் காதோரமாக நழுவவிட்டான். அது இரண்டு கைகளுக்கு நடுவில் இருந்த கையகல இடைவெளியில் புகுந்து கொக்கின் விரலில் போய் உட்கார்ந்தது. கொக்கு போட்டான். பந்து வளையத்தைச் சுற்றியது, இன்னொரு சுற்று சுற்றியது, வெளியே விழுந்தது. மணி அடித்தது.

கொக்கு அங்கேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். சுண்டெலி போய்ப் பக்கத்தில் குந்தினான்.

"நீங்களே போட்டிருக்கலாம்ண்ணா. நான் கெடுத்துட்டேன்."

"நான் உன் இடத்துல நின்னிருந்தா வளையமே எட்டியிருக்காதுடா. எந்திரி, அடுத்த தடவை போடுவே."

சொல்லிவிட்டு எழுந்தானே தவிர, அவனுக்குத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. தோற்றது பெரிய விஷயமில்லை, தோற்றுப் பழகியவன்தான். அப்பா வந்தார், டீம் தோற்றது. நாலாவது தடவையும் அதே கதை. இனி இந்த மனிதர் தன்னைத்தானே சபித்துக்கொண்டு சாகும்வரை புழுங்குவார், நான்தான் அவரை இதில் இழுத்துவிட்டேன் என்று நினைத்தான். துணிந்து திரும்பினான். முன்வரிசை நாற்காலியில் நசுங்கிய கைப்பை மட்டும் இருந்தது.

அப்பா ஆடுகளத்துக்குள்ளேயே வந்துவிட்டிருந்தார். நனைந்த கண்ணோடு வந்து, மகனின் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கடா வெச்சிருந்தே இதை?"

"எதைப்பா?"

"நீ வலது பக்கம் பாத்தே. நானும் வலது பக்கம் பாத்தேன். எல்லாப் பயலும் வலது பக்கம்தான் பாத்தான். பந்து இடது பக்கம் போயிடுச்சு! அப்புறம் அந்தத் தடியன் காலுக்கு நடுவுல... அப்புறம் கடைசில, காதுகிட்ட வந்து, எப்பிடிடா அது?"

"தோத்துட்டோம்ப்பா."

"தெரியும், எனக்கு என்ன எண் படிக்கத் தெரியாதா? அந்த நெட்டைப் பையன் விட்டுட்டான், பாவம், அது வேற. நீ குடுத்தியே!" அவர் அந்தக் கைகளை இன்னும் விடவில்லை. "ஒருத்தன் கூடை போட்டா ஜனம் கத்துது. நீ குடுக்கும்போது ஒரு சத்தமும் வரமாட்டேங்குதேடா. இத்தனை வருஷமா காதைத் தீட்டி வெச்சுக்கிட்டு ஊரான் போட்டதையெல்லாம் கேட்டிருக்கேன். நீ ஆடினதை நான் கேக்கவே இல்லையேடா."

சுண்டெலி அழுதான். வெட்கப்படாமல், மூக்கு ஒழுக, அத்தனை பேர் நடுவில் அழுதான். தோற்றதற்கு அழுகிறான் என்று நினைத்துக் கூட்டமும் சேர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டது. அவனுக்கு இருந்த சந்தோஷத்தில் அதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க நேரம் இல்லை.

"சரி, மறுபடி எப்ப ஆட்டம்?" என்றார் அப்பா சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "முன்னாடியே சொல்லு. கடையைச் சாத்தணும்."

"ராசி?"

"அட போடா. நான் இருந்தா தோப்பீங்க, அவ்வளவுதானே? தோத்துட்டுப் போங்க. நான் பாக்கணும்."

"இல்லப்பா... இதுதான் கடைசி. இன்னியோட விட்டுட்டேன். அதோ பாருங்க."

ஹாலின் நடுவில் விளக்கைத் திருப்பிவிட்டிருந்தார்கள். படுக்கை விரிப்பு அளவு ஜெர்சி தரையிலிருந்து மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. மேனேஜர் நாக்கைக் கடித்துக்கொண்டு கயிற்றை இழுத்தார். அப்பா அதையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார். திருவிழாக் கூட்டத்தில் கை நழுவிப்போன குழந்தையின் முகம் மாதிரி ஆகிவிட்டது அவர் முகம்.

"யார் முடிவு பண்ணது?"

"நான்தான்ப்பா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

யாரோ சுண்டெலியின் கையில் மைக்கைத் திணித்தார்கள். நன்றி சொல்வதற்கு மனைவியிடம் ஒப்பித்துக் காட்டி வைத்திருந்த நாலு வாக்கியமும் மறந்துபோயிருந்தன. முழங்காலைத் தொட்டுப் பார்த்தான். வலித்தது, ஆனால் நேற்றைவிட அதிகமாக இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மேனேஜர் சார், மன்னிக்கணும், அதைக் கொஞ்சம் கீழ இறக்கிடுங்க. அடுத்த வருஷம் எனக்கு அந்த நம்பர் வேணும். எங்கப்பா இன்னிக்குத்தான் பாக்க ஆரம்பிச்சிருக்காரு."

பாதி உயரத்தில் ஜெர்சி நின்றுவிட்டது. "என்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்று உள்ளூர் டீமின் கோச் பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தார், ஆனால் அவர்தான் முதலில் கை தட்டினார். மருமகள் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தாள். அதற்கப்புறம் எழுந்த ஆரவாரத்தில் வாசல் கண்ணாடிகள் நடுங்கின, தெருவில் போனவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

அப்பா அந்தச் சத்தத்தைக் கவனிக்கவே இல்லை. கொக்கை இழுத்துப் பிடித்து நிறுத்திவைத்து, வலது பக்கம் பார்த்துக்கொண்டே இடது பக்கம் கையை வீசி, எப்படி என்று காட்டிக்கொண்டிருந்தார்.